மயக்க டாக்டர் கப்பல் மாறுகிறார்

சென்ற இரண்டு வாரங்கள் இந்த இடத்தில் என்னைக் காணவில்லை. விசாரித்தவர்களுக்கு நன்றி. விசாரிக்காதவர்கள் யார் யார் என்பதும் எனக்குத் தெரியும்.

விஷயம் பெரிதில்லை. பித்தப்பையில் கல். ஒன்றல்ல, ஒரு கூட்டமே இருந்தது. பையோடு எடுத்துவிட்டார்கள். சர்ஜன் மறுநாள் அவற்றை ஒரு சின்ன டப்பாவில் போட்டுக் காட்டினார். முத்துக்குப் பேர்போன ஊரில் இத்தனை வருடம் குடியிருந்து நான் விளைவித்தது அவ்வளவுதான். ஒன்றுகூட உருண்டையாக இல்லை.

ஆனால் இந்த வாரம் எழுத வந்தது கல்லைப் பற்றியல்ல. என்னை மயக்கிய டாக்டரைப் பற்றி.

ஆபரேஷன் மேசையில் படுத்தவனுக்குப் பார்க்கக் கிடைப்பது இரண்டே பொருள். ஒரு பெரிய விளக்கு, ஒரு தலைகீழ் முகம். தலைமாட்டில் நின்று நம்மைக் குனிந்து பார்க்கிற முகம். வயிற்றைத் திறக்கப் போகிறவர் வேறு எங்கோ கை கழுவிக்கொண்டிருப்பார். நம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பது இந்தத் தலைகீழ் முகம்தான். ஆனால் ஊருக்குத் திரும்பியதும் நாம் யார் பெயரைச் சொல்கிறோம்? சர்ஜன் பெயரை. மயக்கம் கொடுத்தது யார் என்று கேட்டால், "யாரோ ஒரு மேடம்" என்போம்.

என் யாரோ ஒரு மேடம், நல்லவேளையாக, தெரிந்த பெண். டாக்டர் பொன்செல்வி. என் நண்பர் தங்கத்துரை அண்ணாச்சியின் ஒரே மகள். அண்ணாச்சிக்குத் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்சி. வருகிற சரக்கை விடுவிப்பது, போகிற சரக்கை ஏற்றுவது. செல்வி எம்.பி.பி.எஸ். சேர்ந்தபோது எந்தச் சான்றிதழில் யார் கையெழுத்து வேண்டும் என்று சொன்னவன் நான். புது வாசகர்களுக்காக: மருத்துவக் கல்லூரி அலுவலகத்தில் நிர்வாக அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு ஊசி போடத் தெரியாது. ஊசி வாங்க எத்தனை கையெழுத்து வேண்டும் என்று தெரியும்.

மறுநாள் காலை அவள் என் அறைக்கு வந்தாள். எனக்கு ஆச்சரியம். பந்தி முடிந்த பிறகு சமையல்காரரை யார் பார்த்திருக்கிறார்கள்? அதுவும் இவள் எந்த ஆஸ்பத்திரிக்கும் சொந்தமான டாக்டர் அல்ல. எங்கே ஆபரேஷனோ அங்கே போகிறவள். இங்கே நாலைந்து நர்சிங் ஹோம், பக்கத்துப் புதுக்கோட்டையில் ஒன்று, சாகுபுரம் பக்கம் ஒன்று. ஓடிக்கொண்டே இருக்கிற பிழைப்பு.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மாமா, மயங்கும்போது என்ன சொன்னீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"பெருமாளே என்றிருப்பேன்."

"இல்ல. 'இணைப்பு வைக்காம ஃபைலை மேல அனுப்பாதே'ன்னீங்க. ரெண்டு தடவை."

மூலையில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த என் மனைவி தலையைத் தூக்கவே இல்லை. "ஆத்துலயும் தூக்கத்துல இதேதான்" என்றாள்.

செல்வி சிரிக்கவில்லை. "யார்ட்ட சொன்னீங்க மாமா? குரல்ல அதிகாரம் இல்ல… பயமா இருந்துச்சு."

யாரிடம் சொன்னேன் என்பது எனக்குத் தெரியும். இங்கே எழுதுவதாக இல்லை. ஆனால் ஒன்று உறைத்தது. என் வீட்டில் பல வருடமாக இந்த வாக்கியம் தினசரி அரங்கேறுகிறது. 'யாரிடம்' என்று கேட்ட முதல் ஆள் இந்தப் பெண்தான்.

"ஏம்மா, இதெல்லாமா கேட்டுக்கொண்டு வருவாய்? உனக்கு அடுத்த கேஸ் இல்லையா?"

"இருக்கு. ஆனா இனிமே இதைக் கேக்கதுதான் என் வேலை மாமா. மறுபடி எம்.டி. சேரப் போறேன். சைக்கியாட்ரி. சீட் அலாட் ஆயிட்டு."

ஆரஞ்சு உரிக்கிற சத்தம் நின்றது.

வாசகர்களே, இது எவ்வளவு பெரிய காரியம் என்பதை எங்களைப் போன்ற அலுவலகப் பிராணிகள்தான் சரியாக அளக்க முடியும். எம்.பி.பி.எஸ். முடித்து, நுழைவுத் தேர்வு எழுதி, ரேங்க் வாங்கி, எம்.டி. மயக்கவியல் சேர்ந்து, மூன்று வருடம் தூங்காமல் உழைத்து, அரசுக்கு எழுதிக் கொடுத்த பாண்டு காலத்தையும் முடித்து, இப்போதுதான் நிமிர்ந்திருக்கிறாள். அதை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு மறுபடி அதே தேர்வு, மறுபடி ரேங்க், மறுபடி கவுன்சலிங், மறுபடி மூன்று வருடம் ஹாஸ்டல். மறுபடி முதல் வருட மாணவி! தன்னைவிட வயதில் சிறியவர்களை 'சீனியர்' என்று அழைத்து, அவர்கள் சொன்ன வேலையைச் செய்ய வேண்டும்.

ஏற்கெனவே முதுநிலை முடித்தவர் இன்னொன்று சேரலாமா? இதற்கு ஊருக்கு ஊர் ஒரு விதி, வருடத்துக்கு வருடம் ஒரு கையேடு. அவளுக்குக் கிடைத்த இடத்தில் தடை இல்லை. நான் கேட்பதற்கு முன்பே அந்தப் பக்கத்தைச் செல்போனில் திறந்து காட்டினாள். தயாராகத்தான் வந்திருக்கிறாள்.

"பிடிக்கவில்லையா, மயக்கவியல்?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் செய்யுதேன் மாமா. உங்களையே திருப்பிக் கொண்டு வந்துட்டேன்லா?"

நியாயமான பதில். ஆனால் கேள்விக்குப் பதில் அல்ல. நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஒரு கதை சொன்னாள்.

சில மாதங்களுக்கு முன் தருவைகுளத்திலிருந்து ஒருவர் வந்திருக்கிறார். அந்தோணி என்று வைத்துக்கொள்வோம். சங்கு குளிக்கிறவர். குடலிறக்க ஆபரேஷன். வழக்கம்போல் மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க் வைத்து, "மூச்சை நல்லா இழுங்க" என்றிருக்கிறாள். மனிதர் இழுத்தார். நெஞ்சு பானை மாதிரி எழும்பியது. அவ்வளவுதான். எழும்பினது இறங்கவே இல்லை.

திரையில் மூச்சுக்கோடு தட்டையாகக் கிடக்கிறது. ஆக்சிஜன் அளவு அசையவில்லை. நாடி சாவகாசமாக அடிக்கிறது. சர்ஜன் கையுறை போட்ட கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறார். நர்ஸ் மானிட்டர் வயரைத் தட்டிப் பார்க்கிறாள். "ஐயா, விடுங்க… மூச்சை விடுங்க" என்று செல்வி நெஞ்சைத் தட்டிய பிறகுதான் 'புஸ்ஸ்' என்று விட்டாராம்.

தியேட்டரே சிரித்தது. அவளும் சிரித்தாள். மருந்து செலுத்தினாள், ஆபரேஷன் முடிந்தது, எல்லாம் சுபம்.

மறுநாள், போகிற வழியில் அவர் கட்டில் பக்கம் எட்டிப் பார்த்திருக்கிறாள். "ஏன்யா விடல?"

"நீங்க இழுக்கச் சொன்னிய, டாக்டரம்மா. விடச் சொல்லலையே?"

சிரித்துக்கொண்டே போயிருக்கலாம். போகவில்லை. அங்கேயே நின்றாள். அவர் பேச ஆரம்பித்தார். கூடக் குளிக்கப் போன ஆள் ஒருநாள் மேலே வரவில்லையாம். அன்றிலிருந்து தரையில் படுத்தாலும் மூச்சைப் பிடித்துக்கொள்கிற பழக்கம். பிடித்துக்கொண்டால்தான் அவன் இன்னும் கீழே உயிரோடு இருக்கிற மாதிரி. தூக்கமே இல்லை. பெண்டாட்டிக்குத் தெரியாது. "ஒங்க மருந்துலதான் டாக்டரம்மா நல்லாத் தூங்குனேன். இன்னும் ஒரு தடவ போடுவியளா?" என்று கேட்டாராம்.

"அவர் எடை தெரியும், பல் ஆடுதான்னு தெரியும், கழுத்து எவ்வளவு வளையும்னு தெரியும் மாமா. அவரைத் தூங்க வச்சவ நான். அவருக்குத் தூக்கமே இல்லன்னு எனக்குத் தெரியாது." செல்வி கையில் இருந்த பேனாவைத் திறந்து மூடினாள். "அன்னைக்கு அடுத்த ஆஸ்பத்திரிக்கு லேட்டா போனேன். முதல் தடவை. திட்டு வாங்கினேன். ஆனா கார்ல போகும்போது ஒண்ணு தோணிச்சு. ஒவ்வொருத்தரும் எங்கிட்ட ஏதோ சொல்ல ஆரம்பிக்காங்க. கரெக்டா அந்த நேரம் பார்த்து நான் மருந்தை ஏத்துதேன்."

என் வாக்கியத்தையும் அவள் மருந்துதான் பாதியில் அறுத்திருக்கிறது. ஓய்வு பெற்றவனிடம் வாக்கியத்தை முடிக்கக் காத்திருப்பவர்கள் குறைவு என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

அதன் பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள். திங்கட்கிழமை மாலைக்குள் கல்லூரியில் சேர வேண்டும். சென்னையைத் தாண்டி ஓர் ஊர். சேர்வதற்கு ஒரிஜினல் சான்றிதழ்கள் வேண்டும். ஒரிஜினல்கள் எல்லாம் அப்பாவின் அலுவலகத்தில், இரும்புப் பெட்டியில் இருக்கின்றன. சாவி அப்பா இடுப்பில்.

"கேட்டாயா?"

"கேட்டேன். 'தர மாட்டேன்'னு சொல்லலை. 'பாப்போம்'ங்காங்க. ஒரு வாரமா பாத்துக்கிட்டு இருக்காங்க. டூப்ளிகேட் வாங்க முடியுமா மாமா?"

முடியும். காவல் நிலையத்தில் புகார், பத்திரிகையில் விளம்பரம், உறுதிமொழிப் பத்திரம், பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம். படிப்படியாகச் சொன்னேன். எல்லாம் முடிந்து கையில் வரும்போது திங்கட்கிழமைகள் பல போயிருக்கும். தவிரவும், 'தொலைந்துவிட்டது' என்று எழுதிக் கொடுக்க வேண்டும். தொலையவில்லையே? அப்பா இடுப்பில் அல்லவா இருக்கிறது?

அவள் எழுந்தாள். "நீங்க அப்பாட்ட பேசுங்க மாமா. ஒங்க பேச்சைக் கேப்பாங்க."

என் பேச்சை யாரும் கேட்டதில்லை என்று மூலையிலிருந்து சாட்சியம் வருவதற்குள் போய்விட்டாள்.

சாயங்காலம் அண்ணாச்சியே வந்தார். கீழே வாட்ச்மேன் சத்தமாக வரவேற்றது ஜன்னல் வழியாகக் கேட்டது. "என்ன அண்ணாச்சி, இன்னைக்கு அதிசயமா உள்ள போறிய!" எனக்கு ஒரு சின்ன அரிப்பு. இந்த ஆஸ்பத்திரி வாட்ச்மேனுக்கு இவரை எப்படித் தெரியும்? அதென்ன அதிசயம்? இவர் வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லை என்று நான் கேள்விப்பட்டதே இல்லை.

கையில் மக்ரூன் பெட்டி. பித்தப்பை எடுத்தவனுக்கு முந்திரியும் சர்க்கரையும்! அதில் முட்டை வெள்ளை உண்டு என்பது அண்ணாச்சிக்குத் தெரியும். எனக்குத் தெரியாது என்பது நாங்கள் இருவரும் பல காலமாகக் காப்பாற்றி வருகிற ஏற்பாடு.

"சாமி, ஒரே ஒரு விசயம்" என்றார், உட்காருவதற்கு முன்பே. "ஒருதரம் எம்.டி. முடிச்ச ஆளு மறுபடி சேரக் கூடாதுன்னு ஒரு ரூல் இருக்கணும்லா? ஒங்களுக்குத் தெரியாத ரூலா? கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்க."

"அவள் சேரும் இடத்தில் அப்படி விதி இல்லை, அண்ணாச்சி."

"வயசு?"

"வரம்பு இல்லை."

"அப்பம் என்னத்துக்கு சாமி கவர்மென்டு ரூல் போடுதான்? வேண்டிய எடத்துல ஒண்ணும் இல்ல."

இந்தக் கருத்தோடு நான் முழுமையாக உடன்படுகிறேன். ஆனால் அதை அவரிடம் சொல்லவில்லை.

"எளவு, மயக்க டாக்டர்னா ஊர்ல ஒரு மரியாதை. நாளைக்கு எம்மவள என்ன சொல்லுவான்? பைத்தியக்கார டாக்டர்ம்பான். நாங் கேட்டுக்கிட்டு இருக்கணும்."

"ஊர் சொல்வதா பிரச்சினை?"

"பொறவு?" என்றார். வேகமாக. தேவைக்கு மேல் வேகமாக. முப்பது வருடம் மேசைக்கு எதிரே உட்கார்ந்தவர்களின் காரணங்களைக் கேட்டவன் நான். முதலில் வருகிற காரணம் பெரும்பாலும் ஜெராக்ஸ். ஒரிஜினல் உள்ளே இருக்கும்.

அவர் போன பிறகு படுத்துக்கொண்டே யோசித்தேன். ஆஸ்பத்திரியில் வேறென்ன வேலை?

முதுநிலைச் சேர்க்கை முன்பெல்லாம் ஒரு பெரிய ஹாலில் நடக்கும். முன்னால் திரை. அதில் சீட்டுகள். ரேங்க் வரிசைப்படி ஒவ்வொருவராக மேடைக்கு வருவார்கள். முதல் நாளே பொது மருத்துவம் தீரும், குழந்தை மருத்துவம் தீரும், ரேடியாலஜி கண்மூடித் திறப்பதற்குள் தீரும். கண் டாக்டராகும் கனவோடு வரிசையில் நின்ற பையன், தன் முறை வரும்போது திரையைப் பார்த்து விழிப்பான். பின்னால் தகப்பனார் கையால் ஜாடை காட்டுவார். பையன் எலும்பு டாக்டராக இறங்கி வருவான். ஆயுள் முழுக்க எலும்பு! புடவைக்கடையில்கூட இரண்டு மடிப்பு பிரித்துப் பார்த்துத்தான் எடுப்பார்கள். இப்போது ஹால் இல்லை, கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஜாடை காட்டுகிறவர் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறார். அவ்வளவுதான் வித்தியாசம்.

விருப்பம் என்று நாம் சொல்வது என்ன? பல நேரம் அது, நம் முறை வந்தபோது திரையில் மிச்சம் இருந்தது. அப்படி எடுத்த ஒன்றை வாழ்நாள் முழுக்கக் காப்பாற்றுவதற்குப் பெயர் உறுதி. மாற்றிக்கொண்டால் சபலம். யார் வைத்த பெயர்கள் இவை? எனக்கு நிஜமாகவே தெரியவில்லை. கிளார்க்காகச் சேர்ந்து அதே கட்டடத்தில் அதிகாரியாக ஓய்வு பெற்றவனுக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் சனிக்கிழமை. காலையில் என்னை அனுப்பிவிட்டார்கள். "ஆட்டோவை பீச் ரோடு வழியா விடுப்பா" என்றேன்.

"தையல்கூடப் பிரிக்கல. அதுக்குள்ள பஞ்சாயத்தா?" என்றாள் மனைவி. ஆனால் ஆட்டோக்காரரிடம், "மெதுவாப் போப்பா, மேடு பள்ளம் பார்த்து" என்றுதான் சொன்னாள். திருப்பச் சொல்லவில்லை. அவளுக்கும் தெரிந்துகொள்ள ஆசை. ஆட்டோவிலேயே காத்திருக்கிறேன் என்றாள்.

அண்ணாச்சியின் அலுவலகத்தில் நுழைந்தபோது அவர் போனில் யாரையோ வறுத்துக்கொண்டிருந்தார். கரூர்க்காரர், துண்டு ஏற்றுமதி செய்கிறவர் என்று மேனேஜர் காதில் சொன்னார். ஜெர்மனிக்குப் போக வேண்டிய சரக்கைக் கொழும்பில் இறக்கிவிட்டார்களே என்று பதறுகிறாராம். முதல் ஏற்றுமதி போலிருக்கிறது.

"எறக்காம என்ன செய்வான்? ஒங்க சரக்குக்கு இங்கன இருந்து நேர்க் கப்பல் கெடையாது… நல்லா கேட்டுக்கிடுங்க. இங்கன இருந்து சின்னக் கப்பல். கொழும்புல எறங்கி, பெரிய கப்பல். எறங்குதது நட்டம்னு ஒமக்கு எவன் சொன்னான்? எறங்கி மாறலன்னாத்தான் நட்டம்! … போயிச் சேரும் அண்ணாச்சி. போற எடம் போயிச் சேரும். பயப்படாதிய."

போனை வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன சாமி அப்படிப் பாக்கிய? வலிக்கா?"

"இல்லை. கரூர்க்காரருக்குச் சொன்னதை எனக்கும் ஒரு தடவை சொல்லுங்களேன்."

ஒரு நொடி விழித்தார். புரிந்துவிட்டது. முகம் சிவந்தது.

"சாமி, வேண்டாம். சரக்கும் பிள்ளையும் ஒண்ணா? கொழும்புல எறக்குன பெட்டி மூணு வருசமா யார்டுல கெடக்கு? ரெண்டு நாள்ல அடுத்த கப்பல் ஏறிரும். அதுக்கு வீடு வாசல் உண்டா, அப்பன் உண்டா?"

சரியான அடி. ஓசியில் கிடைத்த வாதம் ஓசியிலேயே போயிற்று.

டீ வந்தது. எனக்கு வெந்நீர். ஆற விட்டு, என் அரிப்பை எடுத்து முன்னால் வைத்தேன். "அண்ணாச்சி, அந்த ஆஸ்பத்திரி வாட்ச்மேனுக்கு உங்களை எப்படித் தெரியும்?"

எதிர்பார்க்கவில்லை. டம்ளரை ஓரமாக நகர்த்தினார்.

"அங்க மட்டுமா? பாப்பா போற ஆஸ்பத்திரி எல்லாத்துலயும் வாட்ச்மேன் நம்மாளுதான். சாகுபுரம் போற வழியில இருக்குல்ல, அங்க உள்ளவனுக்கு மூணு பிள்ளை, மூத்தவ காலேஜ் போறா. பாப்பாவுக்கு எந்த நேரம் போன் வரும்னு சொல்ல முடியாதுல்லா? நாந்தான் கார் எடுப்பேன். அவ உள்ள போயிருவா. நான் வெளிய கார்ல கெடப்பேன். ஒரு நாள்கூட உள்ள போனதில்ல. ஒங்கள பாக்கத்தான் மொதல் தடவையா உள்ள வந்தேன்."

"டிரைவர் வைத்துக்கொள்ளலாமே?"

"வச்சுக்கிடலாம்" என்றார். "பள்ளிக்கூடம் முடிச்ச கையோட ஹாஸ்டலுக்குப் போன பிள்ள சாமி. படிப்பு, பொறவு படிப்பு, பொறவு பாண்டு. லீவுக்கு வந்தா தூங்குவா. இந்த ஒரு வருசமாத்தான் எங்கூட பேசுதா. அதுவும் கார்ல. போம்போது வாயத் தொறக்க மாட்டா, கேச நெனச்சுக்கிட்டு வருவா. திரும்பி வரும்போது பேசுவா. அந்தச் சங்கு குளிக்கிறவன் மூச்ச விட மாட்டேன்னுட்டான்னு சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னா. மறுநாளு அதே கதையச் சொல்லி அழுதா. நான் பழைய காயல் பக்கம் கார ஓரமா நிப்பாட்டிட்டேன்."

"அப்படியானால், ஏன் போகிறாள் என்று உங்களுக்குத் தெரியும்."

"தெரியாம?"

"சரியென்றும் தெரியும்."

வெளியே ஒரு கண்டெய்னர் லாரி போனது. மேசைக் கண்ணாடி அதிர்ந்து அடங்கியது.

"அந்த ஒரிஜினல்…" என்று ஆரம்பித்தேன்.

"நான் புடுங்கி வைக்கல சாமி!" குரல் உயர்ந்தது. "எங்க தொழிலு அப்படி. கப்பல் ரசீது ஒரிஜினல் எவன் கையில இருக்கோ, அவனுக்குத்தான் சரக்கு. வேலை முடியாம அதைக் கைய விட்டா, சோலி முடிஞ்சுது. அந்தப் பெட்டியில நான் வச்சு ஒண்ணு தொலஞ்சதில்ல. பாண்டு முடிஞ்சு சர்ட்டிபிகேட் வாங்குன அன்னைக்கு அவளாத்தான் கொண்டாந்து தந்தா. 'பத்திரமா புடிச்சுக்கோங்கப்பா'ன்னா. புடிச்சுக்கிட்டேன். விடச் சொல்லல…"

நின்றுவிட்டார்.

எங்கேயோ கேட்ட வாக்கியம். எனக்கு மட்டுமல்ல, அவருக்கும். காரில் அழுதுகொண்டே சொல்லப்பட்ட வாக்கியம். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சில சமயம் ஒரு மனிதரைப் பார்க்காமல் இருப்பதுதான் மரியாதை.

கொஞ்ச நேரம் கழித்துச் சாவிக்கொத்து சத்தம் கேட்டது.

இரும்புப் பெட்டியைத் திறந்து, பிளாஸ்டிக் உறை ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். சான்றிதழ்களை ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, முன்னும் பின்னும் பார்த்தார். சரக்கை விடுவிப்பவரின் கண்.

"ஜெராக்ஸ் வேணும்லா?"

"வேண்டும். ஒவ்வொன்றிலும் அவளே கையெழுத்துப் போட வேண்டும். போட்டோ சமீபத்தில் எடுத்ததாக இருக்கட்டும். நன்னடத்தைச் சான்றிதழை மேலாக வையுங்கள். அதைத்தான் முதலில் கேட்பார்கள், அதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்."

மேனேஜரைக் கூப்பிட்டு ஜெராக்ஸுக்கு அனுப்பினார். அனுப்பினவர், கதவு வரை போனவரைத் திரும்பக் கூப்பிட்டார். "ஏலே, குடு. நானே எடுத்துட்டு வாரேன்."

எழுந்தவர் திரும்பி, "சாமி, ஒரு ரூல் கேக்கேன், சொல்லுங்க" என்றார். "சேரப் போம்போது பிள்ளை மட்டுந்தான் வரணுமா?"

"மாணவர் ஒரிஜினல்களோடு நேரில் வர வேண்டும் என்று இருக்கிறது. அப்பா வரக் கூடாது என்று எங்கும் இல்லை."

"அப்பம் நாளைக்குக் கார எடுக்குதேன்."

"சென்னையைத் தாண்டி இருக்கிறது அண்ணாச்சி! ரயில் இருக்கிறதே?"

"ரயில்ல ஊர்பட்ட ஆளு இருப்பான். பேச மாட்டா."

போகும்போது அவள் காரிலும் பேச மாட்டாள், திரும்பும்போதுதான் பேசுவாள் என்று சொன்னவர் அவரே. இந்தத் தடவை திரும்பும்போது பக்கத்து சீட்டில் யார் இருக்கப் போகிறார்கள்? அது எனக்கு உறைத்தது. அவருக்கு உறைக்காமலா இருக்கும்? நான் கேட்கவில்லை. உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்கு நடந்துகொண்டிருந்தார்.

ஆட்டோவில் மனைவி கேட்டாள், "என்ன ஆச்சு?"

"ரிலீஸ் ஆகிவிட்டது" என்றேன்.

செவ்வாய்க்கிழமை காலை போன் வந்தது. அண்ணாச்சி தனியாகத் திரும்பி வரும் வழியில், எங்கோ டீக்கடையில் நின்று பேசினார். பின்னால் லாரி ஹாரன்.

"சேத்தாச்சு சாமி. நன்னடத்தச் சர்ட்டிபிகேட்டத்தான் மொதல்ல கேட்டான். மேலாக்க இருந்துச்சு."

என் வாழ்நாள் சேவைக்கு இதைவிடப் பெரிய பாராட்டுப் பத்திரம் வந்ததில்லை. அதை அனுபவித்துவிட்டு, கேட்க வேண்டியதைக் கேட்டேன். "வழியில் பேசினாளா?"

"எங்க! மதுர தாண்டியாச்சு, திருச்சி தாண்டியாச்சு, வாயத் தொறக்கல. விழுப்புரம் கிட்ட, 'அப்பா, நான் ஆஸ்பத்திரி உள்ள இருக்கும்போது வெளிய கார்ல என்ன செய்வீங்க, அவ்வளவு நேரம்?'னு கேட்டா. சும்மா ஒரு வார்த்த. நான் சொல்ல ஆரம்பிச்சேன் சாமி. பொறவு என்னெல்லாமோ சொன்னேன். எங்கப்பா பத்தி, கடை நொடிச்சது பத்தி, அவ பொறந்தப்ப நான் துறைமுகத்துல சிக்கிக்கிட்டது பத்தி… எவ்வளவு நேரம்னு தெரியல. சென்னை வந்ததுகூடத் தெரியல."

"அவள் என்ன சொன்னாள்?"

"ஒண்ணும் சொல்லல." ஒரு ஹாரன் கடந்து போகும்வரை காத்திருந்தார். "ஆனா, அவ நல்லா காது குடுத்துக் கேக்குதா சாமி."

விதிப்படி, சேர்க்கை முடிந்த பிறகுதான் பயிற்சி தொடங்க வேண்டும். விழுப்புரத்தில் நடந்திருப்பது தெளிவான விதிமீறல் — நான் மேலிடத்துக்கு எழுதப் போவதில்லை.